மூணு வருசக் கோழிக்கூடும் ஒரு பாழாப்போன ட்ரேயும்

நான் 18,500 ரூபாய்க்கு வாங்குன அதே ரெடிமேட் கோழிக்கூடு இப்ப 15,000-க்கு வந்துருச்சாம், மாப்ள ஒருத்தன் போட்டோ அனுப்பி எடுக்கவாடான்னு கேட்டான். கேட்ட நேரம் சரியில்ல. அன்னைக்குத்தான் அந்தக் கூட்டோட ட்ரேய வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய் ரெண்டா அறுத்து, வெரல்ல தகரம் கீறி, டிடி ஊசி போட்டுட்டு வந்து உக்காந்திருந்தேன். அதனால கோவம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

6க்கு 4 அடி, ஸ்கொயர் டியூப் சட்டம், சுத்தி வெல்டு மெஷ் கம்பிவலை, மேல தகரம், அடில கம்பித் தரை, அதுக்குக் கீழ எச்சம் விழுற ட்ரே. எல்லாரும் பாத்த மாடல்தான். பன்னெண்டு நாட்டுக்கோழி ராத்திரி அடையப் போதும். பகல் பூரா வெளில மேயுறதாலதான் போதும், அடைச்சுப் போட்டே வளக்கறவங்களுக்குப் பத்தாது.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி மனசு கேக்காது. மூணு வருசத்துல ராத்திரி ஒரு கோழி போகல. இதுக்கு முன்னாடி ஆறு மூலை கோழிவலை வாங்கி நானே ஒரு கொட்டாய் கட்டியிருந்தேன், ஒரே ராத்திரில மரநாய் வலையப் பிச்சுட்டு உள்ள போயி ஏழு வெடக்கோழிய முடிச்சிருச்சு, தின்னது ஒண்ணு, மிச்சம் ஆறையும் சும்மா கடிச்சுப் போட்டுட்டுப் போயிருந்துச்சு. அந்த வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான், வர்றவன நிறுத்த இல்லன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. இதுல சுத்தி அரை இஞ்ச் வெல்டு மெஷ், பூனை கைய விட முடியாது, பெருச்சாளி நுழைய முடியாது. அடைக்கோழிய உள்ள விட்டு கதவச் சாத்தி வச்சிருந்தப்ப நல்ல வெயில்ல ஒரு சாரைப்பாம்பு வந்து நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஏமாந்து போச்சு, அன்னைக்கு அந்தக் கூடு செஞ்சவனுக்கு மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

சின்னச் சின்னக் கோளாறு இருந்துச்சு, அதெல்லாம் நானே சரி பண்ணிக்கிட்டேன். முட்டப் பெட்டிய உக்கார்ற கம்பிக்கு மேல வச்சிருந்தான். கோழி எது ஒசரமோ அங்கதானே அடையும், அத்தனையும் பெட்டிக்குள்ள தூங்கி முட்டையெல்லாம் எச்சம். பெட்டிய எறக்கிட்டு, வழவழ இரும்புக் கம்பியக் கழட்டிட்டு ரெண்டு இஞ்ச் மர ரீப்பர மேல அடிச்சதும் சரியாயிருச்சு. தகரத்து மேல தென்னங்கீத்து ரெண்டு வரிசை போட்டேன், சித்திரையில வாயத் தொறந்துக்கிட்டு இளைக்கறது கொறஞ்சுச்சு. சாயங்காலம் ஆனா அதுகளாவே வரிசையா ஏறிப் போறதும், மேல் கம்புக்கு சண்ட போடறதும்... அதப் பாக்கவே டீயோட உக்காந்துருவேன், அது வேற கதை.

இப்ப ட்ரே. ஆறடி நீளத் தகரம், ஒரே பீஸ், நாலடி இருக்கற சின்னப் பக்கம் வழியாத்தான் உருவ முடியும். கூட்ட கிழக்கு மேற்கா நீளவாக்குல வச்சாத்தான் காலை வெயிலும் மாலை வெயிலும் சின்னப் பக்கத்துல மட்டும் படும், அதனால அப்படி வச்சேன். மேற்கே காம்பவுண்டு சுவரு மூன்றரை அடி தள்ளி, கிழக்கே தண்ணித் தொட்டி, அதுவும் அவ்ளோதான். பாதி ட்ரே வெளிய வரும், செவுத்துல முட்டி நிக்கும். மூணு வருசமா அந்தப் பாதிய களக்கொத்தியால சொரண்டிட்டு மிச்சப் பாதிக்கு மண்டி போட்டு அடில கைய விட்டு வழிச்சிருக்கேன்.

ஒரு கோழி நாளைக்கு கிட்டத்தட்ட 100 கிராம் போடும்னு வைங்க, அதுல பாதி ராத்திரியில, பன்னெண்டு கோழிக்கு நாலு நாள்ல என்னாகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. நாத்தத்துக்கு தென்னநார்க் கழிவு பரப்புனா அது ஈரத்தக் குடிச்சு ட்ரே கனத்து நடுவுல தொங்கிருச்சு, தொங்குன எடத்துல ஐப்பசிச் சாரல் தேங்கி புழு. கண்ணு எரியற அந்த நெடி பக்கத்து வீட்டு அத்தைக்கும் போயி, "ஏம்ப்பா, கோழி வளக்குறியா இல்ல வேற எதாச்சுமா"ன்னு கேட்டாங்க. வித்தவன்ட்ட போன் பண்ணா, எல்லாரும் இதத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்கங்கறான். எல்லாருக்கும் இதே செவுரா இருக்கு?

எங்க அப்பத்தா பஞ்சாரக் கூடையக் கவுத்து வச்சுத்தான் நாப்பது கோழி வளத்துச்சு. காலைல பஞ்சாரத்தத் தூக்குச்சுன்னா சாம்பலத் தூவி ஒரு இழுப்பு, முடிஞ்சுச்சு வேலை. ட்ரேயாம் ட்ரே.

ஒண்ணு ஒத்துக்கணும், அந்த எச்சத்த காயவச்சு மக்கவிட்டு முருங்கைக்குப் போட்டதுல காய் கைக்கு அடங்காத நீளத்துக்கு வந்துச்சு. பச்சையாவே மிளகாச் செடிக்குப் போட்டு எல்லாத்தயும் கருக்குனதும் நான்தான்.

இப்ப ட்ரே மூணு மூணு அடியா ரெண்டு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு உருவலாம், பட்டறைல 600 ரூபா வாங்குனாங்க. அழகா வருது. ஆனா ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு இஞ்ச் சந்து விழுந்துருச்சு, எல்லாக் கோழியும் அந்தச் சந்துக்கு நேரா மேலதான் உக்காருது, எப்படித்தான் தெரியுமோ.

மாப்ள, வாங்காத. அந்த மெஷ், அந்த டியூப் எல்லாம் தங்கம்தான், இருந்தாலும் வாங்காத. அதே அளவ எழுதிக் கொடுத்து உங்க ஊர் பட்டறைல அடிச்சுக்க, ட்ரேய ஆறடி நீளப் பக்கம் வழியா உருவற மாதிரி வைக்கச் சொல்லு. சரி, நடுச்சந்துல விழுந்தத இப்பப் போயி கூட்டணும், இருட்டிருச்சுன்னா கண்ணு தெரியாது.