தித்திவங்சா ஏரிக்கரையில் ஒரு புரட்டாசி மாலை

கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரிக்கரை உணவகத்தில் சாப்பிட நினைப்பவர்கள் மாலை ஆறரை மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்கு முன் தண்ணீருக்கு அப்பால் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தையும், அதையும் மிஞ்சி 678.9 மீட்டரில் நிற்கும் மெர்டேக்கா 118 கோபுரத்தையும் ஒருசேரப் பார்க்கலாம். கோலாலம்பூரில் பிறந்து பெர்த்தில் குடியேறிவிட்ட எனக்கு இந்தக் காட்சி அலுத்ததே இல்லை. ஆனால் பூங்காவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் இதே காட்சிதான், அதுவும் இலவசமாக. கரையோர உணவகம் வாங்கும் கூடுதல் காசுக்குச் சமையலும் கவனிப்பும்தான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மாவையும் சித்தியையும் அழைத்துப் போயிருந்தேன். புரட்டாசி மாதம் முழுக்க அம்மா சைவம். சுற்றுப்பயணிகள் வரும் உணவகங்களில் இது பெரிய சோதனை. காய்கறிப் பக்கம் என்று ஒன்று பட்டியலில் இருக்கும். அதில் கங்கோங் கீரையில் பெலாச்சான் என்னும் இறால் விழுது, தௌஃபூ என்னும் சோயாக் கட்டியில் சிப்பிச் சாறு, சம்பலில் நெத்திலி. ஏதும் சொல்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே பரிமாற வந்த தமிழ் இளைஞர் அப்படியில்லை. “தம்பி, எனக்குச் சைவம்” என்று அம்மா சொன்னதுமே, “புரட்டாசியாம்மா? முட்டை சேர்ப்பீர்களா? வெங்காயம், பூண்டு பரவாயில்லையா?” என்று கேட்டார். சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து, “பெலாச்சான் வதக்கிய சட்டியில் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வேறு சட்டி வைக்கிறார்கள். கொஞ்சம் நேரமாகும்மா” என்றார். கீரை வந்தது. அம்மா கரண்டியால் தண்டுகளைப் புரட்டி, கூனி இறால் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று அடிவரை பார்த்தார். பூண்டும் மிளகாயும் மட்டும்தான். பிறகு சோற்றில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டார். கோயிலுக்கு வெளியே அம்மா இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்து வெகுகாலமாகிறது. அந்தத் தம்பி நன்றாக இருக்க வேண்டும்.

மீன் விஷயம் வேறு கதை. சித்திக்கு இஞ்சி போட்டு அவித்த சியாக்காப் (கொடுவா மீன்) வேண்டும். பட்டியலில் ‘சந்தை விலை’ என்று மட்டுமே போட்டிருந்தது. மேற்பார்வையாளரைக் கேட்டால், “வழக்கமான விலைதான்” என்றார். நான் விடவில்லை. நிறுத்துக் காட்டினால்தான் சமைக்கலாம் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே நிறுத்தார். ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது. இரண்டு மூத்த பெண்களுக்கும் எனக்கும், அதிலும் ஒருவர் சைவம், எதற்கு அவ்வளவு பெரிய மீன்? சிறியதாக ஒன்று எடுக்கச் சொன்னோம். விலை கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதற்குக் கூச்சமே வேண்டாம். விலையைத் தெளிவாகக் காட்டாத கடைகளைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம்.

பில்லில் யாரும் கேட்காத வேர்க்கடலையும் ஈரத்துணியும் ஏறியிருந்தன. தொடவே இல்லை என்று காட்டியதும் நீக்கிவிட்டார்கள். அதற்குக் கீழே இரண்டு வரிகள்: 6 சதவீதம், 10 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் இரண்டையும் அரசாங்க வரி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 6 சதவீதம்தான் சேவை வரி. ஆண்டு விற்பனை 15 இலட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிய உணவகங்கள் அதை வசூலித்துச் சுங்கத்துறைக்குக் கட்டுகின்றன. 10 சதவீதம் கடையே விதிக்கும் சேவைக் கட்டணம். அது அந்த இளைஞரின் கைக்குப் போய்ச் சேரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மனமுவந்து கொடுப்பேன். தெரியாததால், சித்தி தனியாகவும் அவர் கையில் கொஞ்சம் கொடுத்தார். வாங்கவே தயங்கினார்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று: கழிவறைக்குப் படியிறங்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அம்மாவை இருபுறமும் தாங்கித்தான் கூட்டிப்போனோம். வயதானவர்கள் இத்தனை பேர் வரும் இடத்தில் இது சரியே இல்லை. கிளம்பும்போது முதலாளியிடம் நேரிலேயே சொன்னேன். செய்து தருகிறேன் என்றார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது போய்ப் பார்ப்பேன்.