டேலியாவா, பியோனியா: உறைபனி தாண்டி எது திரும்பி வரும்?

டேலியா, பியோனி ஆகிய இரண்டு பூச்செடிகளையும் பல்லாண்டுச் செடி என்றுதான் விற்கிறார்கள். குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும் தோட்டத்தில் அந்தப் பெயர் பியோனிக்குத்தான் பொருந்தும்.

பூக்கும் காலத்தில் டேலியாவை மிஞ்ச முடியாது. நடுக்கோடையில் தொடங்கி முதல் உறைபனி வரை பூக்கும். பியோனிச் செடியில் பூ நிற்பது ஒரு வாரம், பத்து நாள். வெயிலும் வடிகாலும் இரண்டுக்கும் வேண்டும்.

தேர்வை முடிவுசெய்வது குளிர்காலப் பாடுதான். டேலியாக் கிழங்கில் நீர்ச்சத்து அதிகம். உறைந்தால் திசு கிழிந்து, பனி இளகியதும் கூழாகிவிடும். அதனால் ஆண்டுதோறும் தோண்டியே ஆகவேண்டும். இலை கருகியதும் தண்டை 10-15 செ.மீ. விட்டு வெட்டி, தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் கிளப்புங்கள். கழுத்து ஒடிந்த கிழங்கு முளைக்காது; முளைக்கண் இருப்பது கழுத்துக்கு மேலே, தண்டின் அடியில்தான். ஈரம் காய்ந்ததும் லேசாக ஈரமான வெர்மிகுலைட்டிலோ (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) மரத்தூளிலோ புதைத்து 4-10 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஈரம் கூடினால் அழுகும், குறைந்தால் சுருங்கும். மாதம் ஒருமுறை கிளறிப் பார்த்து, அழுகியதை உடனே நீக்கவேண்டும். ஒன்றில் பிடித்த அழுகல் பெட்டி முழுக்கப் பரவும்.

பியோனிக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. குளிர் அதற்குத் தேவையே. போதிய குளிர் கிடைக்காவிட்டால்தான் மொட்டு வைக்காது. அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டலம் 3-இலும், அதாவது மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் இடங்களிலும், மண்ணுக்குள் கிடந்து வசந்தத்தில் சிவந்த முளை விடும். நல்ல இடத்தில் வைத்தால் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

பூக்காத பியோனிக்குப் பெரும்பாலும் காரணம் நட்ட ஆழம். இலையுதிர் காலத்தில் நடும்போது முளைக்கண்ணுக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. மண் போதும், அதற்கு மேல் போனால் இலை மட்டுமே வரும். (தண்டு மரம்போல் கெட்டியாக நிற்கும் மரப் பியோனிக்கு இந்த அளவு பொருந்தாது. ஒட்டுக் கட்டிய செடி என்பதால் அதை ஆழமாகத்தான் நடவேண்டும்.) முதல் குளிர்காலத்துக்கு மட்டும் மூடாக்குப் போட்டு, வசந்தத்தில் விலக்கிவிடுங்கள். இலையுதிர் காலத்தில் வாடிய தண்டுகளைத் தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். மொட்டைக் கருக்கும் சாம்பல் பூஞ்சை அவற்றில்தான் தங்கும். நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பூ குறைவாகவே இருக்கும். அதற்காக இடம் மாற்றினால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

டேலியாவைக் கைவிட மனமில்லை என்றால் தொட்டியில் வையுங்கள். இலை கருகியதும் தண்டை வெட்டி, உறையாத இருட்டறைக்குத் தொட்டியோடு நகர்த்தி, வசந்தம் வரை நீர் ஊற்றாமல் விட்டுவிடலாம்.