குதிரைலாட நண்டா, கடல் சிலந்தியா, சிங்கி இறாலா: எந்த உடலமைப்பு கெட்டி?

கடல் கணுக்காலிகளை ஒப்பிடும்போது ஓட்டின் கனம், கொடுக்கின் பலம் என்றுதான் பேச்சு தொடங்கும். என் கணக்கில் அதெல்லாம் இரண்டாம்பட்சம். மூட்டுள்ள கால், கண்டம் கண்டமான உடல், அவ்வப்போது கழற்றிப்போட வேண்டிய வெளிச்சட்டகம் மூன்றும் எல்லாருக்கும் பொது. உடலில் முளைத்த கால்களை யார் எதற்குத் திருப்பிக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

முதலில் குதிரைலாட நண்டு. இது தேள், சிலந்தி வகையறா. உணர்கொம்பு கிடையாது, தாடையும் கிடையாது. புரட்டிப் போட்டுப் பார்த்தால் ஆறு ஜோடிக் கால்கள், அவற்றின் நடுவே வாய். காலின் அடிப்பகுதிகளில் உள்முகமாக முட்கள் இருக்கும். கால் அசையும்போது அந்த முட்கள் புழுவையும் சிப்பியையும் அரைத்து வாய்க்குள் தள்ளும். நடையும் மெல்லுதலும் ஒரே உறுப்பின் வேலை! பின்பாதியில் தாள் தாளாக அடுக்கிய புத்தகச் செவுள்கள். வால்முள்ளைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, அது கொட்டாது. அலை கவிழ்த்துவிட்டால் ஊன்றி நிமிர்ந்துகொள்ளத்தான் அது.

இந்த வடிவத்தின் புதைபடிவங்கள் சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. ஆனால் இன்று மிஞ்சியிருப்பது நான்கே இனங்கள். நீல ரத்தத்தைப் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள். உண்மையில் நண்டு, இறாலின் ரத்தத்திலும் அதே செம்பு கலந்த புரதம்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. அதிசயம் ரத்த அணுக்களில் இருக்கிறது. ஒருவகை பாக்டீரியாக்களின் நச்சு துளி பட்டாலும் ரத்தம் உடனே உறைந்துவிடும். 1956-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஃப்ரெடெரிக் பேங் கவனித்த இந்தக் குணத்தை வைத்துத்தான் ஊசிமருந்துகளின் தூய்மையைச் சோதிக்கும் முறை உருவானது.

கடல் சிலந்தி இதற்கு நேர் எதிர். உடல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை, கால்தான் எல்லாம். குடல் கிளைவிட்டுக் கால்களுக்குள் இறங்குகிறது, முட்டையும் காலுக்குள்ளேதான் விளைகிறது. செவுள் கிடையாது, ஆக்சிஜன் தோல் வழியாகவே உள்ளே வருகிறது. அதை உடலெங்கும் சுற்றவிடும் வேலையைக்கூட இதயத்தைவிடக் காலுக்குள் சுருங்கி விரியும் குடலே அதிகம் செய்வதாக 2017-இல் தெரியவந்தது. இட்ட முட்டைகளைத் தனிக் காலில் சுற்றிக்கொண்டு திரிவது ஆண். சுமார் 1,300 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை சிறியவை, துருவக் கடல்களிலும் ஆழத்திலும் சிலவற்றின் கால்விரிவு 70 செ.மீ. வரை போகும். சிக்கனத்துக்குப் பரிசு என்றால் யோசிக்காமல் இதற்குத்தான் கொடுப்பேன். ஆனால் இந்த ஏற்பாட்டை வைத்துப் புதிதாகச் செய்ய அதிகம் இடமில்லை.

அப்புறம் சிங்கி இறால். இங்கே கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மொத்தம் 19 ஜோடி உறுப்புகள். இரண்டு ஜோடி உணர்கொம்பு, ஒரு ஜோடி தாடை, அதற்குப் பின்னால் உணவைப் பிடித்துப் பிய்த்துக் கொடுக்க ஐந்து ஜோடி, நடக்க ஐந்து, வயிற்றுக்கடியில் ஐந்து, வால் விசிறிக்கு ஒன்று. எல்லாம் ஒரே அச்சில் தோன்றிய உறுப்புகள், கத்தியும் திருப்புளியும் ஒரே பிடிக்குள் மடங்கியிருக்கும் பையடக்கக் கருவி மாதிரி. அவற்றில் வாயருகே உள்ள ஒரு ஜோடிக்கு, நாள் முழுக்கத் துடுப்பாக ஆடிச் செவுளுக்குத் தண்ணீர் இழுப்பதுதான் முக்கிய வேலை. வட அட்லாண்டிக்கின் கொடுக்குள்ள சிங்கிகளில் இடமும் வலமும்கூட வேறு: ஒரு கொடுக்கு நொறுக்க, மற்றது வெட்ட.

ஒரு காலை மாற்றினால் மற்றவை பாதிக்கப்படாது என்ற வசதிதான் இறால், நண்டு, கொட்டலசு எல்லாம் அடங்கிய இந்தக் கூட்டத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. கொட்டலசு (பார்னக்கிள்) குஞ்சாக நீந்தி வந்து, தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, மீதி ஆயுள் முழுக்கக் காலால் உணவை வாரிச் சாப்பிடுகிறது. அதை வகைப்படுத்தவே டார்வின் 1846 முதல் 1854 வரை உட்கார்ந்திருந்தார். மாண்டிஸ் இறாலின் கண்ணில் வண்ணம் உணரும் செல்கள் 12 வகை. ஆனால் நெருக்கமான இரு நிறங்களைப் பிரித்தறிவதில் அது மனிதனைவிட மோசம் என்று 2014-இல் சோதித்துக் காட்டினார்கள். நண்டு வடிவமோ குறைந்தது ஐந்து முறை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. ராஜநண்டு அப்படி வந்ததுதான், துறவி நண்டின் வழித்தோன்றல். அதன் கடைசி ஜோடிக் கால் ஓட்டுக்குள் மறைந்துகிடக்கும். பெண்ணின் வயிற்று மடல், சங்குக்குள் சுருண்டு வாழ்ந்த முன்னோரைப் போலவே இன்றும் ஒருபக்கமாகக் கோணியிருக்கும்.

ஓடு கழற்றுவதிலும் ஆளுக்கொரு முறை. குதிரைலாட நண்டின் ஓடு முன்விளிம்பில் பிளக்கும், அது முன்னோக்கி நடந்து வெளியே வந்துவிடும். நண்டுக்கோ பின்பக்கம் திறக்கும். கொடுக்கின் சதையைக் குறுகலான மூட்டுகள் வழியாக உருவி, பின்வாங்கியே வெளிவர வேண்டும், சில சமயம் ஒரு கால் உள்ளேயே போய்விடும். வந்ததும் தண்ணீரைக் குடித்து உடலை உப்பவைத்து, புது ஓட்டில் சுண்ணாம்பு ஏறும்வரை ஒளிந்துகிடக்கும். குதிரைலாட நண்டு ஓட்டில் சுண்ணாம்பே சேர்ப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் பழைய ஆளின் பக்கம்.

சரி, தரையை ஆளும் பூச்சிகளை ஏன் போட்டியில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அவையும் இந்த இறால்-நண்டுக் கிளையிலிருந்து பிரிந்தவைதான். ஆனால் கரையை விட்டு விலகிய திறந்த பெருங்கடலில் நிரந்தரமாக வாழ்வது ஹாலோபேட்ஸ் என்ற நீர்மிதவைப் பூச்சியின் ஐந்தே இனங்கள். அவையும் மேற்பரப்பில் ஓடுகிறவையே தவிர நீருக்குள் இறங்குகிறவை அல்ல. முட்டையிட இறகோ மரத்துண்டோ, இப்போதெல்லாம் பிளாஸ்டிக் துணுக்கோ மிதந்து வந்தால்தான் உண்டு.