ஐடி வேலைக்கு ஆங்கிலம் கற்றுத் தருகிறோம் என்று கடனைத் தலையில் கட்டினார்கள்: சேரும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் போன் செய்தாள். பி.சி.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள். "அண்ணா, ஐடி கம்பெனிக்குன்னே இங்கிலீஷ் கம்யூனிகேஷன் கோர்ஸ் ஒண்ணு நடத்துறாங்க, மாசம் நாலாயிரம் கட்டினா போதுமாம், இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள ஓடிபி சொல்லணுமாம்" என்றாள். எட்டு மணி என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் அதே எட்டு மணியைத்தான் சொன்னார்கள். அவளை நிறுத்திவிட்டேன். ஆனால் இன்னும் எத்தனை பேருக்கு அந்த போன் போய்க்கொண்டிருக்கிறதோ தெரியாது, அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நான் விழுப்புரம் பக்கம், பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. அப்போது பெருங்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் மேனுவல் டெஸ்டிங், அதாவது மென்பொருளை நாமே இயக்கிப் பார்த்துப் பிழை தேடும் வேலை, சம்பளம் 14,000. வேறு கம்பெனிக்கு மாற முயற்சி செய்தால் இரண்டு இடத்தில் ஒரே பதில்: டெக்னிக்கல் பரவாயில்லை, கம்யூனிகேஷன் போதவில்லை. அந்த வார்த்தை மனதுக்குள் எப்படிக் குடைந்தது என்று தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்தது. 90 நாளில் சரளமான ஆங்கிலம், ஐடி இன்டர்வியூ பயிற்சி, வேலை உறுதி.

முதலில் இலவசமாக ஒரு 'லெவல் டெஸ்ட்'. போனில் ஒரு மேடம் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார், நான் நாலு வரி பேசினேன். ஐந்து நிமிடம் கழித்து "உங்க லெவல் ரொம்ப கீழே இருக்கு சார், இப்படியே போனா மூணு வருஷம் ஆனாலும் இதே சம்பளம்தான்" என்றார். பிறகு தெரிந்தது, என்னோடு சேர்ந்த எல்லோருக்கும் இதே வரிதான் சொல்லியிருக்கிறார்கள், எங்களில் ஒருவர் கால் சென்டரில் நாலு வருடம் ஆங்கிலத்திலேயே பேசி வேலை பார்த்தவர். கட்டணம் 54,000. முதலில் 6,000, மீதி 48,000 மாதம் 4,000 வீதம் 12 மாதம், வட்டி இல்லை. இரவு எட்டு மணிக்குள் சேர்ந்தால்தான் இந்த விலை. அம்மா கம்மலை அடகு வைத்து 6,000 அனுப்பினார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, அப்புறம் வரிசையாக மூன்று ஓடிபி. "இது ஃபீஸ் கட்டுற செட்டப் சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

அது கடன். பயிற்சி நிலையத்துக்கு நான் மாதாமாதம் ஃபீஸ் கட்டவில்லை. ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் போட்டு, வட்டியை நிலையத்தின் பங்கில் கழித்துக்கொண்டு, மீதியை மொத்தமாக அவர்களிடம் கொடுத்துவிட்டது. 'வட்டியில்லா தவணை' என்பதன் பின்னால் இருக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இதுதான். ஆக நான் முதல் வகுப்பில் உட்காருவதற்கு முன்பே அவர்கள் கைக்குப் பணம் போய்விட்டது. அதற்கு மேல் நான் கற்றுக்கொண்டாலும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. சேர்ந்த அன்று இரவு மின்னஞ்சலில் ஒரு நீளமான பிடிஎஃப் வந்தது, முழுக்க ஆங்கிலம், நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி அதில் முக்கிய விவரத் தாள் ஒன்று இருக்க வேண்டும், ஆண்டு வட்டி விகிதம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு திறந்து பார்த்தபோது, என்னுடையதில் மூன்று நாள் என்று போட்டிருந்தது. முதல் வகுப்பை வைத்ததோ ஒன்பதாவது நாள். தயவுசெய்து இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். வகுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலகலாம் என்று நினைக்கிறவனுக்கு அந்த வாய்ப்பே இல்லாதபடிதான் தேதி வைக்கிறார்கள்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 15 பேர் கொண்ட பேட்ச் என்றார்கள், ஜூமில் 140 பேர் இருந்தோம், எல்லோர் மைக்கும் மூடியிருக்கும். பேசக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் நாலு மாதத்தில் நான் வாய் திறந்து பேசியது மொத்தமே பத்து நிமிடம் தேறாது. பயிற்சியாளர் மூன்று முறை மாறினார். மிச்சமெல்லாம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப், அதில் ஐம்பது கேள்விக்கு மனப்பாடப் பதில்.

என்னை உண்மையில் நோகடித்தது அந்த மனப்பாடப் பதில்தான். நாலாவது மாதம் சிறுசேரியில் ஒரு இன்டர்வியூ. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டார்கள். நான் பிடிஎஃபில் இருந்ததை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன், ஹார்ட் ஒர்க்கர், க்விக் லேர்னர், டீம் பிளேயர் எல்லாம். எதிரே இருந்தவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, தமிழிலேயே, "தம்பி, காலையிலேர்ந்து இதே வரியச் சொல்ற நாலாவது ஆள் நீங்க. அத விடுங்க, நீங்க கண்டுபிடிச்ச ஒரு பக் பத்திச் சொல்லுங்க, மெதுவா, இங்கிலீஷ்ல" என்றார். பக் என்றால் மென்பொருளில் இருக்கும் பிழை. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை. சொல்வதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. பணம் கட்டும் பக்கத்தில் பட்டனை அழுத்திய உடனே பேக் போய்த் திரும்ப அழுத்தினால் இரண்டு முறை பணம் பிடிக்கும், அதை நான்தான் கண்டுபிடித்தேன், கம்பெனியில் அதற்காகப் பாராட்டு வாங்கினேன். அதைத் தமிழில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். 54,000 ரூபாய் வகுப்பில் ஒருவர்கூட என் வேலையைப் பற்றி என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே நிலையத்துக்கு போன் செய்து, வேண்டாம், நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையில் உள்ளது என்றார்கள். நிதி நிறுவனமோ நிலையத்தைக் கேளுங்கள் என்றது. 'வேலை உறுதி' பற்றிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்றுதான் இருக்கிறது என்றார்கள், அதாவது வேலை அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்வது. அடுத்து நான் ஒரு தப்பு செய்தேன். கோபத்தில் சம்பளக் கணக்கைக் காலி செய்து வைத்தேன், தவணை எடுக்க முடியாமல் போனது, வங்கி 500 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 590 பிடித்தது, கடன் அறிக்கையில் தாமதம் என்று பதிவானது. தவணையை நிறுத்தினால் கடன் நிற்காது, நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் நம் சிபில் ஸ்கோர்தான் இறங்கும்.

பலன் தந்தது எழுத்தில் போட்ட புகார்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதோடு நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் போட்டேன். 30 நாள் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) இணையத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, தகவலுக்கு 14448. நான் அங்கே புகார் பதிவு செய்த பிறகுதான் இரண்டு பக்கமும் என்னைத் திரும்ப அழைத்தார்கள். மீதி ஏழு தவணையை ரத்து செய்தார்கள். கட்டிய ஐந்து தவணையும் முதலில் கொடுத்த 6,000-மும் சேர்த்து 26,000 வரவே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் 'வேலை உறுதி' என்று சொன்ன அந்த விளம்பரத்தை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. போனில் சொன்னதற்கும் பதிவு இல்லை. நீங்கள் எடுத்து வையுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் போட்டிருக்கிறது, வேலை நிச்சயம் என்பது போன்ற பொய் வாக்குறுதிகள் கூடாது என்று அதில் இருக்கிறது. கையில் விளம்பரம் இருந்தால் புகாருக்குப் பலம்.

எனக்கு ஆங்கிலம் எப்படித்தான் வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் டீமில் இருந்த ஒரு அக்காதான் வழி காட்டினார். டெஸ்டிங்கில் இருப்பவர்கள் தினமும் எழுதுவது பக் ரிப்போர்ட். என்ன செய்தால் தப்பு வருகிறது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, இந்த மூன்றுதான் அதன் உடம்பு. "நீ எழுதுறதயே சத்தமா படி, அப்புறம் பார்க்காம சொல்லு, போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளு" என்றார். ஒரு நாளைக்கு ஒரு பக், இரண்டு நிமிடம். முதல் வாரம் என் குரலையே கேட்கப் பிடிக்கவில்லை. மூன்று மாதத்தில் டீம் தினமும் காலையில் கூடிப் பேசும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்கிறேன், எங்கே நிற்கிறது என்று தடுமாறாமல் சொல்ல வந்தது. இன்னொன்றும் அவர்தான் சொல்லித் தந்தார்: புரியவில்லை என்றால் தலையாட்டாமல், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும், கேட்டதை நம் வார்த்தையில் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டு கிளையண்டோடு போனில் பேசும்போது உச்சரிப்பைவிட இதுதான் என்னைக் காப்பாற்றியது. கூடவே என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் சாஃப்ட் ஸ்கில்ஸ் பாடங்களையும் பார்த்தேன், பார்ப்பதற்குக் காசில்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கேட்கிற பழக்கத்துக்கு பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி, அதுவும் இலவசம்.

சித்தி மகளிடம் விசாரித்தால், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் அவள் கல்லூரியிலேயே ஆங்கிலத் தொடர்புத் திறன் பாடம் ஒரு செமஸ்டர் நடந்திருக்கிறது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அந்தப் பாடக் குறிப்புகளை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது தினமும் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு போன் செய்து, அன்று கல்லூரி புராஜெக்டில் என்ன செய்தாள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள், நான் நடுவில் கேள்வி கேட்கிறேன்.

அவள் ஓடிபி சொல்லவில்லை, ஆனால் ஆதாரும் பானும் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தாள். அதனால் அவள் வங்கிச் செயலியைத் திறந்து மேண்டேட் பகுதியில் (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதிகள் இருக்கும் இடம்) தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தோம், சிபில் தளத்தில் இலவச அறிக்கையும் எடுத்துப் பார்த்தோம். எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கப்போகிறோம்.