பழைய கார்: டீலரிடமா, உரிமையாளரிடமா?

விலை
டீலர்: கூடுதல். பாலிஷ் போட்ட செலவும் அவர் லாபமும் அதில் சேர்ந்தே இருக்கும்.
உரிமையாளர்: குறைவு.

வாங்கியபின் குறை தெரிந்தால்
டீலர்: விற்பதே தொழில் என்பதால் பல நாடுகளில் நுகர்வோர் சட்டம் அவரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் வாய்ச்சொல் நிற்காது. வாரண்டி எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், கிளட்சும் பேட்டரியும் அதில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். தேயும் பாகங்களைத்தான் வாரண்டியிலிருந்து முதலில் கழற்றிவிடுவார்கள். 'உள்ளது உள்ளபடி' (குறை இருந்தாலும் விற்றவர் பொறுப்பல்ல என்று பொருள்) என்ற வரியைக் கண்டால் கையெழுத்தை நிறுத்துங்கள்.
உரிமையாளர்: பணம் கைமாறியதும் பெரும்பாலும் உங்கள் பாடு.

சோதனையில் இருவரும் ஒன்றே. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள் (நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம்). நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டயரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-வது வாரத் தயாரிப்பு. ஓடிய தூரத்தை மீட்டர் குறைவாகக் காட்டியும் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

ஆவணம்
டீலர்: பெயர் மாற்றத்தை அவரே முடித்துத் தருவார் என்றால், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.
உரிமையாளர்: கார் மேலுள்ள கடன் பாக்கியையும் சேஸிஸ் எண்ணையும் (வண்டியில் பொறித்த அடையாள எண்) நீங்களே சரிபார்க்க வேண்டும்.

நல்ல மெக்கானிக்கும் கையில் நேரமும் இருந்தால் உரிமையாளர். இரண்டும் இல்லாதவருக்கு டீலர்தான்.