கொம்தாரின் தலை, டாயாபூமியின் கால்

பழைய அலுவலகக் கோபுரத்தை என்ன செய்வது? பினாங்கு தலையில் கை வைத்தது, கோலாலம்பூர் காலில்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உள்ள கொம்தார் கோபுரத்தைக் கட்டும் வேலை 1974இல் தொடங்கியது. கட்டடக் கலைஞர் லிம் சோங் கீட் வடிவமைத்த, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட 65 மாடிக் கோபுரம் 1986இல்தான் முடிந்தது. அப்போது மலேசியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். ஆனால் கீழே இருந்த அங்காடி வளாகம் வருடத்துக்கு வருடம் வெறிச்சோடியது. சரி, மேலே எதையாவது செய்வோம் என்று உச்சியைச் சுற்றுலாத் தலமாக்கினார்கள். மேலே மூன்று மாடிகளைக் கூட்டினார்கள்; 2016 முதல் 68ஆம் மாடியில் குதிரைலாட வடிவில் ஒரு கண்ணாடி நடைபாதை. என் அத்தை அதில் இரண்டடி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போதும்பா, கீழ போலாம்" என்றார். கீழே வந்தால் அதே பழைய பேருந்து நிலையம், அதே மங்கிய நடைவழி.

கோலாலம்பூரின் டாயாபூமி கோபுரம் 1984இல் முடிந்தது. 35 மாடிதான். ஆனால் வெள்ளைச் சல்லடை போட்ட வெளிச்சுவர், எட்டு முனை நட்சத்திர வடிவங்கள், அடியில் கூர்வளைவுகள். அந்தச் சல்லடை வெயிலையும் தடுக்கிறது. இரட்டைக் கோபுரத்துக்குப் போகும்முன், மலேசிய அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் இங்கேதான் இருந்தது. இங்கே கோபுரத்தைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த சிட்டி பாயிண்ட் அங்காடி வளாகத்தை இடித்தார்கள்.

அழகுக்கு டாயாபூமிதான். ஆனாலும் எனக்குக் கொம்தார் வழியே பிடிக்கிறது: பினாங்கு முதலமைச்சர் அலுவலகமும் கைப்பேசிக் கடையும் ஒரே கூரையில்.