தமிழ்த் தேடல் பெட்டி: கடைசிப் புள்ளியை வெட்டிய கதை

சமையல் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் என் தளத்துக்கு நானே ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய தேடல் பெட்டி இது. இரண்டு வருஷமாக ஓடுகிறது. அதற்கு முன் வேறு யாரோ எழுதிவைத்த ரெடிமேட் நிரல், அதாவது லைப்ரரி ஒன்று இருந்தது. தமிழில் எதைத் தட்டினாலும் விடை பூஜ்யம். எழுத்துக் கோவைகளைத் தேட உதவும் ஜாவாஸ்கிரிப்டின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லுக்குரிய எழுத்து என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். மற்றதெல்லாம் நிறுத்தக்குறி என்று அந்த லைப்ரரி வெட்டிப் போட்டுவிட்டது.

சரி என்று எல்லாவற்றையும் ஒரு ஜேசன் கோப்பில் (தரவைச் சேமிக்கும் எளிய உரைக் கோப்பு) போட்டு, இது அதற்குள் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இன்க்ளூட்ஸ் வைத்தே தேடினேன். சில நூறு குறிப்புக்கு வேகம் தாராளம்.

உண்மையான தலைவலி வேற்றுமை உருபு. 'கத்தரிக்காய்' என்று தேடினால் 'கத்தரிக்காயை வதக்கவும்' சிக்காது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு; உருபு சேர்ந்ததும் அது போய்விடுகிறது. தேடுசொல்லின் கடைசிப் புள்ளியை வெட்டினேன், அவ்வளவுதான், காயை, காயில், காயுடன் எல்லாம் வந்து விழுந்தன. 'கிழங்கு' மாதிரிச் சொற்களில் கடைசி உகரக் குறியையும் வெட்ட வேண்டும். வெங்காயத்துக்கு மட்டும் 'வெங்காயத்த' என்பதையும் சேர்த்துத் தேட வைத்தேன்.

ஆனால் 'எள்' மாட்டிக்கொண்டது. புள்ளி போனால் 'எள'; உடனே 'எளிய', 'எளிதாக' என்று எழுதிய குறிப்பெல்லாம் வரிசைகட்டும். கைகொடுத்தது பள்ளிக்கூடத்துப் புணர்ச்சி விதி: தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். எள்ளை, நெய்யில். அப்படிப்பட்ட சொல்லில் புள்ளியைத் தொடாமல் விட்டாலே போதும்.

இன்னொன்று, 'கொழுக்கட்டை'. அதன் முதல் எழுத்தில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகவும் வரும், தனித்தனி இரண்டாகவும் வரும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடுசொல், குறிப்பு இரண்டையும் நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

கிடைத்த சொல்லுக்கு மஞ்சள் பூசும்போதும் கவனம் தேவை. 'காய' வரை பூசி ஐகாரக் குறியை வெளியே விட்டால், சில பிரவுசர்களில் அது புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். முழு எழுத்து முடியும்வரை பூச, உரையை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) உதவுகிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு இது 2024இல்தான் வந்தது.

எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் ஃபஸி தேடலை மட்டும் கழற்றிவிட்டேன். வடை தேடினால் அடை வந்தது. பதிலுக்கு கத்தரிக்காய்–கத்திரிக்காய், துவையல்–தொகையல் என்று ஜோடிப் பட்டியல் ஒன்றைக் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். 'பாவக்காய்' என்று தேடுகிறவர்களுக்காகப் போன வாரம் பாகற்காயும் அதில் சேர்ந்தது.